நீலச் சட்டைக்குச் சாட்சி

"முதலாவது, மழை," என்றார் சுடலைமணி.

அமலி டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கப்பு ஆட்டம். நாம ஒரு கோல் முந்தி. முடியப் போற நேரம். மழைன்னு சொல்லி நிறுத்திட்டாவ. மறுநாள் முதல்ல இருந்து ஆடச் சொன்னாவ. தோத்தோம்."

"சரி."

"ரெண்டாவது, ஆஃப்சைடு. நம்ம பையன் சுத்தமா உள்ள நிக்கான். லைன்ஸ்மேன் கொடியத் தூக்கிட்டான்."

"அந்த லைன்ஸ்மேன் எனக்குப் பெரியப்பா முறை, அண்ணாச்சி."

"தெரியும். அதான் உங்ககிட்டயே சொல்லுதேன்."

டீச்சர் கோட்டைத் தொடர்ந்தார்.

"மூணாவது, கம்பம். பந்து கம்பத்துல பட்டு வெளிய போச்சு. கம்பம் உள்பக்கமாச் சாஞ்சிருந்துச்சு. நட்டது மில்லுக்காரன் மேஸ்திரி."

"உங்க சென்டர் ஃபார்வர்ட மில்லுக்காரங்க கூட்டிட்டுப் போனது?"

"அது நாலாவது. மூணு இன்னும் முடியல."

டீச்சர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இப்ப முடிஞ்சிது. நாலாவது, மில்லுல வேலை குடுத்து அவன எடுத்துக்கிட்டாவ. அடுத்த கப்பு ஆட்டத்துல அவனே நமக்கு கோல் போட்டான்."

"போட்டுட்டு அழுதான்."

"அழுதா கோல் இல்லன்னு ஆயிருமா?"

"ஆவாது."

"அஞ்சாவது, போன வருசம். கடைசி பெனால்ட்டி. பந்து மேல் கம்பத்தத் தாண்டி உப்பளத்துல போயி விழுந்துச்சு. இன்னும் கிடைக்கல."

"கிடைச்சிது அண்ணாச்சி. உப்பு ஏறிப் போச்சு."

சுடலைமணி மூச்சு வாங்கினார்.

வரிசை தவறினால் அவருக்குப் பேச்சு வராது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பள்ளிக்கூடம் அவரைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிட்டது. மீதிப் படிப்பைத் தொழிற்சங்க நோட்டீசுகளில் படித்தார். பிறகு நோட்டீசுகளை அவரே எழுதினார். கோரிக்கை ஒன்று, கோரிக்கை இரண்டு. முதலாளிக்கு வக்கீல் இருந்தார், போலீஸ் இருந்தது, பத்திரிகை இருந்தது. தொழிலாளிக்கு வரிசை எண் இருந்தது.

அமலி டீச்சர் அவரைவிட மிகவும் இளையவர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வடக்குத்துறை லீக்கில் ரெஃப்ரி. இரண்டு பக்கத்து ரசிகர்களும் அவரை ஏசுவார்கள். மனதில் ஏதாவது குடைந்தால் இரண்டு பக்கத்து ரசிகர்களும் அவரிடம்தான் வருவார்கள்.

"எல்லாம் எனக்கும் தெரிஞ்சதுதான்," என்றார் டீச்சர். "இப்ப என்ன வேணும்?"

"ஞாயித்துக்கிழமை சீசன் தொடங்குது."

"ஆமா."

"எதிர்பார்க்காம ஆட்டம் பாக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"இந்த வருசம் டீம் எப்படி?"

சுடலைமணி காலியான மைதானத்தைப் பார்த்தார். அதில் யாரோ ஓடுவதுபோலப் பார்த்தார்.

"நல்ல டீமு."

"பின்ன என்ன?"

"அதான் சொல்லுதேன். நல்ல டீமு. தூக்கம் வரமாட்டேங்கு. அந்த லெஃப்ட் விங் பையன் ஓடுறதப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"எப்படி?"

"ரெஃப்ரி அபிப்பிராயம் சொல்லக்கூடாது."

"சும்மா சொல்லுங்க. நம்ம ரெண்டு பேருதானே இருக்கோம்."

டீச்சர் சொல்லவில்லை. ஆனால் ஒரு கணம் அவரும் காலியான மைதானத்தைப் பார்த்தார்.

"பாத்தியளா! உங்களுக்கே தோணுது. எனக்கு எப்படி இருக்கும்? ரொம்ப வேண்டாம்னு மனசுக்குச் சொல்லிப் பாத்துட்டேன். பாதி போதும்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்கமாட்டேங்கு."

டீச்சர் கொட்டகைக்குள் போய் காற்றிறங்கிய பந்தையும் பம்ப்பையும் கொண்டுவந்தார்.

"பாதிக்குக் காத்து அடிங்க."

அவர் அடித்தார்.

"போதும். இப்ப உதைங்க."

சுடலைமணி உதைத்தார். பந்து ஈரச் சாக்குபோலக் கொஞ்ச தூரம் புரண்டு நின்றது.

அவர் பந்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"விளையாட்டுக் காட்டுதியளா?"

"விளையாட்டு டீச்சர் வேற என்னத்தக் காட்டுவா?"

டீச்சர் மறுபடியும் வாளியை எடுத்தார். நடுவட்டத்தைச் சுற்றி வந்தார்.

அந்த வட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

வடக்குத்துறையில் ஒரு காலத்தில் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு முடிவு இருந்தது. துறைமுகத் தெருவில் ஒன்று, மில் தெருவில் ஒன்று. மண்டைகள் உடைந்தன. அதனால் ஒரு வழக்கம் வந்தது. சீசனின் முதல் ஆட்டத்தன்று ஒவ்வொரு அணியின் ரசிகர்களும் தங்களில் ஒருவரைச் சாட்சியாகத் தருவார்கள். பெயர் எழுதிய சீட்டை ரெஃப்ரி எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். பெயருக்கு உரியவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சாட்சிகள் நடுவட்டத்தில் வந்து நின்று, தங்கள் அணிக்கு நடந்ததைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் முடிவு முடிவாகும்.

துறைமுக அணியின் நீலச் சட்டைக்குச் சாட்சி சுடலைமணி; சீட்டை எழுதிக் கொண்டுவருவதும் அவர்தான். பொய் சொல்லாத வாய் என்று ஊரே தேர்ந்தெடுத்த வாய். சில்லறை ஆட்டங்களில் அந்த வாய் "ஜெயிச்சோம்" என்று சொல்லியிருக்கிறது. கப்பு ஆட்டங்களில் "தோத்தோம்" என்றே சொல்லியிருக்கிறது. மழை விழுந்த வருடமும், கொடி தூக்கிய வருடமும், கம்பம் சாய்ந்த வருடமும். அநியாயம் செய்தவன் கைதட்டிக்கொண்டு நிற்பான். அநியாயம் அனுபவித்தவன் அதை முடிவு என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சி," என்றார் டீச்சர். "வரிசையில ஒரு வருசம் விட்டுப் போச்சு."

"விடல."

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல."

"அது அநியாயம் இல்ல."

"என்ன வருசம் அது?"

"கப்பு ஜெயிச்ச வருசம்."

"நீங்க எங்க இருந்திய?"

"பாளையங்கோட்டை ஜெயில்ல."

துறைமுக வேலைநிறுத்தம் நடந்த வருடம் அது. கூலி கேட்டவர்களை உள்ளே வைத்தார்கள். கேட்காதவர்களை மேஸ்திரி ஆக்கினார்கள்.

"எப்படித் தெரிஞ்சிது?"

"ஒரு வார்டர் சொன்னான். சாப்பாடு போடும்போது. 'உங்க ஊரு டீமு ஜெயிச்சிட்டாமே'ன்னான். தட்ட வாங்கிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. சாப்பிட்டேன்."

டீச்சர் கோடு போடுவதை நிறுத்தியிருந்தார்.

"வரிசையாப் பாருங்க டீச்சர். நான் இருந்த வருசமெல்லாம் தோத்தோம். இல்லாத ஒரே வருசம் ஜெயிச்சோம். இதுக்கு மேல என்ன கணக்கு வேணும்? எதிர்பார்க்காம இருக்க நீங்க வழி சொல்லலன்னா நான் வரப் போறதில்ல. இந்த வருசம் நல்ல டீமு. நான் வந்து கெடுக்கக்கூடாது."

"ஒண்ணு கேக்கேன். கோவிச்சுக்கிடக்கூடாது."

"கேளுங்க."

"பூனை குறுக்க போனா காரியம் கெடாது, சகுனம் பாக்கிறவன் மூடன்னு தெருத் தெருவா நோட்டீசு குடுத்தது யாரு?"

"நாந்தான்."

"இப்பப் பூனை யாரு?"

சுடலைமணி அந்தப் பாதிக் காற்றுப் பந்தைக் காலால் உருட்டினார்.

"நாந்தான்," என்றார்.

டீச்சர் சிரிக்கவில்லை.

"நீங்க வரலன்னா ஜெயிக்கும்."

"ஜெயிக்கும்."

"ஜெயிச்சா நீங்க பாக்க முடியாது."

"முடியாது."

"பரவாயில்லையா?"

அவர் சுண்ணாம்பு வட்டத்துக்குள் போய் நின்றார்.

"ஒரே ஒரு தடவை டீச்சர். இந்த வட்டத்துல நின்னு, கப்பு ஆட்டத்துல, அந்த ஒத்தச் சொல்லச் சொல்லணும்னு இருந்துச்சு. ஜெயில்ல சுவத்தப் பாத்துச் சொல்லிப் பாத்தேன். சுவருக்குக் கேட்டுச்சு."

டீச்சர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது எதுக்கு?"

"நேரத்த வீணாக்கினதுக்கு."

"நானா?"

"அந்த வருசம் உங்களுக்குப் பதிலா யாரு சாட்சி?"

"கொம்பையா. என்கூட மூட்டை தூக்கினவன்."

"அந்த ஆட்டத்தப் பத்தி அவருகிட்டக் கேட்டிருக்கியளா?"

"இல்ல."

"இத்தன வருசத்துல ஒரு தடவ கூடவா?"

"அவன் பாத்தான். நான் பாக்கல. அதப் போயி அவன்கிட்ட எப்படிக் கேக்க?"

"போயிக் கேட்டுட்டு வாங்க. அன்னைக்கு அவரு என்னத்தப் பாத்தாருன்னு."

"கேட்டா என் கேள்விக்குப் பதில் கிடைச்சிருமா?"

டீச்சர் அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு விசிலை எடுத்து ஊதினார். ஆட்டம் தொடரலாம் என்பதற்கான விசில்.

சுடலைமணி நடந்தார்.

*

கொம்பையா வீட்டு வாசலில் ஆட்டுக்குப் பூவரசு இலை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே சுடலை. வா, வா. நோட்டீசு ஏதும் கொண்டாந்திருந்தா ஆட்டுக்குப் போட்டுரு. எனக்கு இப்பக் கண்ணு தெரியல."

"நோட்டீசு இல்ல."

"பின்ன கூட்டமா? கூட்டம்னா காலு வலிக்கு."

"ஒண்ணு கேக்கணும்ல."

கொம்பையா நிமிர்ந்தார். அந்தக் குரலை அவர் மேடையில் கேட்டதில்லை.

"நாம கப்பு ஜெயிச்ச ஆட்டம். கோல் எப்படி விழுந்திச்சு?"

கொம்பையா ஓர் இலைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஆடு எட்டி எட்டிப் பார்த்தது.

"இத்தன வருசமாக் கேக்காதவன்..."

"இப்பக் கேக்கேன். சொல்லு."

"தெரியாது."

"என்னது?"

"நான் பாக்கலலே."

"சாட்சி நீ. வட்டத்துல நின்னு 'ஜெயிச்சோம்'னு சொன்னது நீ."

"சொன்னேன். எல்லாவனும் குதிச்சான். நம்மாளுவ குதிச்சா ஜெயிச்சதுதானே."

"ஆட்டத்தப் பாக்காம நீ எங்கலே பாத்துக்கிட்டிருந்த?"

"வாசல."

"வாசல்ல என்ன?"

"அன்னைக்கு மத்தியானம் உன்ன ஜாமீன்ல விட்டுருவாவன்னு வக்கீல் சொன்னாரு. விட்டா நீ வீட்டுக்கா போவ? பாளையங்கோட்டை பஸ்ஸ விட்டு இறங்கி நேரே கிரவுண்டுக்குத்தான் வருவ. அதான் உன் இடத்துல துண்டப் போட்டு வச்சிருந்தேன். எவனையும் உக்கார விடல. ஒருத்தன் அடிக்கவே வந்துட்டான்."

சுடலைமணி ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டம் தொடங்குச்சு. நீ வரல. இடைவேளை விட்டாவ. நீ வரல. இப்ப வந்துருவான், இந்தா வந்துருவான்னு பாத்துக்கிட்டே இருக்கேன், பின்னால ஒரே கூச்சல். திரும்பிப் பாத்தா எல்லாவனும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கான்."

"கப்பு வாங்கும்போது?"

"அப்பவும் வாசலத்தான்."

ஆடு கொம்பையா கையிலிருந்த இலையைப் பறித்துக்கொண்டது. இருவரும் அது தின்பதைப் பார்த்தார்கள்.

"இத ஏம்ல எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கல. கேட்டிருந்தாலும் என்னத்தச் சொல்ல? நீயும் பாக்கல, நானும் பாக்கலன்னா பின்ன யாருதாம்ல பாத்தா?"

சுடலைமணி கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை வருவல்லா?" என்றார் கொம்பையா. "நல்ல டீமுன்னு சொல்லுதாவ. அந்த லெஃப்ட் விங் பையன்..."

"தெரியும்," என்றார் சுடலைமணி. "சும்மா இரு."

*

டீச்சர் கோடு போட்டு முடித்திருந்தார். கை முழுக்கச் சுண்ணாம்பு.

"என்ன சொன்னாவ?"

"அவன் பாக்கலயாம்."

"பின்ன?"

"வாசலப் பாத்துக்கிட்டிருந்தானாம்."

டீச்சர் குழாயைத் திறந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"டீச்சர், என் கேள்வி?"

"ஞாயித்துக்கிழமை சீட்டு கொண்டாங்க. லேட்டாக்காதிய."

வீட்டுக்கு வந்து சுடலைமணி ஒரு தாளை நான்காகக் கிழித்தார். நோட்டீசு எழுதிய கையால், அழகாக, பெரிய எழுத்தில் எழுதினார்:

கொம்பையா.

பாக்காமலே ஒரு தடவை சொன்னவன். பாத்துட்டு ஒரு தடவை சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவது என்று முடிவு செய்தார். மதில் சுவருக்கு வெளியே உப்பு லாரி நிற்கும் ரோடு இருக்கிறது. அங்கே நின்றால் சத்தம் மட்டும் கேட்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது.

முதல் ஆட்டமே மில் அணியோடு. மில் அணி பச்சைச் சட்டை. வாசலில் பச்சைத் துண்டு கட்டிய ஒருவன் வழியை மறித்தான்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருசமும் 'தோத்தோம்' சொல்ல வந்தாச்சா? தொண்டைக்குச் சுக்கு வெந்நி ஏதும் வேணுமா?"

"உங்க முதலாளி தொண்டைக்குக் குடு. போனஸ் கேட்டா அவருக்குத்தான் பேச்சு வரமாட்டேங்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பச்சைத் துண்டுக்காரனும் சிரித்தான். அவனும் போனஸ் வாங்காதவன்தான்.

சுடலைமணி உள்ளே எட்டிப் பார்த்தார்.

நீலச் சட்டைக்காரர்கள் உட்காரும் படிக்கட்டில் கொம்பையா இருந்தார். பக்கத்து இடத்தில் துண்டு கிடந்தது. தடித்த ஆள் ஒருவர் அங்கே உட்காரப் பார்த்தார்.

"ஆளு வருது," என்றார் கொம்பையா.

"எங்க வருது? ஆட்டமே தொடங்கப் போவுது."

"வருதுன்னா வருது. தள்ளிப் போவும்வே."

மைதானத்தில் வீரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். லெஃப்ட் விங் பையன் பந்தைக் காலிலேயே ஒட்டவைத்துக்கொண்டு போனான். படிக்கட்டு முழுவதும் அவனைப் பார்த்து ஆர்ப்பரித்தது. கொம்பையா அவனைப் பார்க்கவில்லை.

வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் தெரியாது என்று சொன்ன மனிதர், நெற்றியில் கையை வைத்து, வருகிற ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடலைமணி பச்சைத் துண்டுக்காரனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

விசில் ஒலித்தது.

இரண்டு அணிகளும் நடுவட்டத்தைச் சுற்றி நின்றன. அமலி டீச்சர் பந்தின் மேல் ஒரு காலை வைத்திருந்தார். மைதானம் அடங்கியது.

"பச்சைச் சட்டைக்குச் சாட்சி, கருத்தபாண்டி."

"இருக்கேன்."

"நீலச் சட்டைக்கு?"

தலைகள் திரும்பின. சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நடந்தார். சீட்டை நீட்டினார். திரும்பிப் போகக் காலை எடுத்தார்.

"நில்லுங்க," என்றார் டீச்சர்.

சீட்டைப் பிரித்தார். பார்த்தார். மடித்து அவரிடமே நீட்டினார்.

"எழுத்து எனக்கு விளங்கல. நீங்களே வாசிங்க."

வடக்குத்துறையில் சுடலைமணியின் எழுத்து விளங்காதவர் யாரும் கிடையாது. போலீசுக்கே அது விளங்கியது.

"டீச்சர்..."

"சத்தமா வாசிங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

அவர் சீட்டைப் பிரித்தார். எழுத்து அழகாக இருந்தது. உப்பளத்துக் காற்று தாளின் ஓரத்தைத் தூக்கியது. லெஃப்ட் விங் பையன் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினான். டீச்சரின் காலடியில் பந்து, விண்ணென்று, முழுக் காற்றோடு இருந்தது.

படிக்கட்டில் கொம்பையா எழுந்து நின்றுவிட்டார். ஒரு கை இன்னும் துண்டின் மேல் இருந்தது.

சுடலைமணி மேடையில் செருமுவதுபோல ஒரு தரம் செருமினார். சீட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

"சுடலைமணி."